பந்தல் பிரித்த பிறகு

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறியபோது அனிதா மேரி கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தாள். இருக்காதா பின்னே? அவள் செல்போனில் கொடுத்த புகாரைப் பார்ப்பதற்காக நகராட்சி இன்ஜினீயரே இன்று நேரில் வருகிறார். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட காட்டன் புடவையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "ஆன்லைன் கலெக்டர் கிளம்பிட்டாங்க" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்ததுகூட அவள் காதில் பாராட்டாகத்தான் விழுந்தது.

இத்தனை வாரமாகக் கூடவே வந்தவர்களுக்கு அந்தப் புகாரின் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

அனிதா பெரம்பலூரில் டீச்சர். பிறந்த வீடு அரியலூர் மாதா கெபித் தெருவில். அங்கே அம்மா அமலோற்பவமேரியும், தம்பி அருள் பிரகாஷும், அவன் மனைவி ஷாலினி மேரியும் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் சரி, சாக்கடை மூடி உடைந்தாலும் சரி, அனிதா போட்டோ எடுத்து நகராட்சி இணையதளத்தில் ஏற்றிவிடுவாள். ஏற்றியதோடு சும்மா இருக்கமாட்டாள். வேலை முடிகிறவரை நச்சரிப்பாள். சித்திரையில் அந்தத் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வந்ததே அவளுடைய நச்சரிப்பால்தான். ரோடு போட்டு முடித்த அன்று தெருக்காரர்கள் கேசரி கிண்டி, முதல் தட்டை அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழை வந்தது. அந்த ரோட்டிலேயே குழிகள் தெரிந்தன. எதிர்வீட்டு ஜெகதாம்பாள் தண்ணீர் தேங்கிய குழி தெரியாமல் காலை வைத்து, கணுக்கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அருள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தெருவே அவனை மெச்சியது.

அந்த வாரம் ஊருக்கு வந்த அனிதா குழிகளைப் பார்த்துக் கொதித்துப்போனாள். போட்டோ எடுத்தாள், புகாரை ஏற்றினாள். 'ஆறு மாதம்கூடத் தாங்காத ரோடு. சிமெண்டைத் தின்றது யார்?' என்று எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரோடு போட்ட மேஸ்திரி அய்யம்பெருமாளின் பெயரையும் சேர்த்து எழுதினாள். அம்மாவின் போனில் இருந்த அவர் படத்தைத் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டு, 'நம்ம தெரு ரோட்டை விழுங்கியவர் இவர்தான்' என்று ஒரு வரியும் போட்டாள். கட்டைவிரல் மேல் கட்டைவிரலாக வந்து குவிந்தது. இதுவரை நடந்தது இவ்வளவுதான். இனி இன்றைய சங்கதிக்கு வருவோம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தூக்கில் ஆட்டுக்கால் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜெகதா பெரிம்மாவுக்கா? இன்னும் தெனமும் குடுக்குறியாம்மா?"

"எலும்பு கூடணும்ல" என்றாள் அம்மா. நிமிர்ந்து மகளைப் பார்க்கவில்லை.

அருள் வீட்டில் இருந்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். காய்ச்சல் வந்தால்கூடக் கடையை மூடாதவன்.

"நீ கடைக்குப் போவலயா?"

"போவணும். நீ எதுக்குக்கா வேலைய வுட்டுட்டு வந்த? அவங்க பாட்டுக்கு வந்து பாத்துட்டு, பூசிட்டுப் போறாங்க."

"வெறும பூசிட்டுப் போறதுக்கா நான் புகார் குடுத்தேன்? முழுசாப் பேத்துட்டுப் போடச் சொல்லணும். அந்த மேஸ்திரிய நிக்க வச்சு நாலு கேள்வி கேக்கணும்."

ஷாலினி காபி டம்ளரை நீட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அருள் அவளை ஒரு பார்வை பார்த்தான். "சக்கரை போதுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அனிதாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. தான் செய்வது சரி என்ற நினைப்பு முற்றிப்போனவர்களுக்கு எதிரே இருப்பவர்கள் முகம் தெரியாது.

விடியும்வரை மழை பெய்திருந்தது. குழிகள் தண்ணீர் நிரம்பி, ரோட்டோடு ரோடாகத் தெரிந்தன. இன்ஜினீயர் வருகிற அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் போய்விட்டால் என்ன செய்வது? அனிதாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அம்மாவின் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு குழியையும் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் போட்டாள். ஈரத்தில் மாவு நன்றாகவே ஒட்டியது.

எதிர்வீட்டு வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்த ஜெகதாம்பாள், "என்னா பாப்பா, பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கே?" என்றாள்.

"இன்ஜினீயர் கண்ணுக்குத் தெரியணும்ல பெரிம்மா. உங்க கால ஒடச்ச குழி. ஒண்ணக்கூட வுடமாட்டேன்."

ஜெகதாம்பாள் கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அனிதா வலப்பக்கம் முடித்துவிட்டு இடப்பக்கம் வந்தாள். கடைசி வட்டத்தையும் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து, தன் கைவேலையை ஒருமுறை பார்த்தாள்.

வட்டங்கள் இரண்டு வரிசையாக இருந்தன. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி. இந்த வரிசையில் ஒன்று என்றால் அந்த வரிசையில் அதற்கு நேர் எதிரே ஒன்று, புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல. அம்மா வீட்டு வாசலை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம். அதற்கப்பால் தெரு முனைவரை ரோடு வழவழவென்று கிடந்தது. அங்கே ஒரு குழிகூட இல்லை.

மட்டமான சிமெண்ட் இப்படி வரிசை கட்டிக்கொண்டு உடையாது.

வைகாசியில் அருளின் மகளுக்குப் புது நன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் விசேஷம். வாசலை அடைத்துப் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். அன்று அனிதா பெரம்பலூரிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போய்விட்டாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பந்தலுக்குள் சிவப்பு விரிப்பு விரித்திருந்தது. மதியம் பிரியாணி சாப்பிட்டாள். பந்தக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஷாலினியோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். சாயங்காலமே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அந்தக் கால் எதில் நிற்கிறது என்று குனிந்து பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது பார்த்தாள். முகத்தில் சூடு ஏறியது. வெட்கத்தில் காது மடல்கூட எரிந்தது. இந்த வட்டங்களைத் தெருவே பார்க்கும்படி தன் கையாலேயே போட்டு வைத்திருக்கிறாளே! காலால் அழித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

டப்பாவோடு நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அருளு, இங்க வாடா."

அருள் வந்து கதவோரம் நின்றான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது பந்தக்கால் குழியா?"

அருள் கதவுச் சட்டத்தை நகத்தால் கீறினான்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"டிரம்முல மண்ணப் போட்டு கால நிக்க வைக்கிறேன்னுதான் பந்தல்காரன் சொன்னான். காத்துல சாஞ்சுடுமோன்னு நான்தான் தொளை போட்டு ஊணச் சொன்னேன். பந்தல் பிரிச்சதும் மண்ணப் போட்டு மூடியாச்சு. மழை இப்புடி அடிச்சிட்டுப் போவும்னு கண்டமா? லோடு ஆட்டோ ஏறி ஏறி ஓரமெல்லாம் வேற பேந்துடுச்சு."

"நான் புகார் போட்டப்பவே ஏன்டா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ குரூப்புல போட்டுட்ட. அத்தன பேரும் உன்னய மெச்சுறாங்க. பெரிம்மாவத் தூக்கிட்டு ஓடுனேன்னு என்னயும் மெச்சுறாங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"நீயும்தானேடா கட்டைவிரல் போட்ட!"

அருள் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "போனது போவட்டும் அனிதா. அவங்க வரட்டும், பாக்கட்டும், பூசட்டும். யாருக்கு என்னா நட்டம்? எங்க வூட்டு விசேஷத்துக்குத் தோண்டுன குழியிலதான் ஜெகதா வுழுந்தான்னு நாமளே போயிச் சொன்னா, நாளைக்கு அவ மூஞ்சில எப்புடி முழிக்கிறது? கோயில்ல என் பக்கத்துல யாரு வந்து உக்காருவா?"

சூப்பு எதற்காகத் தினமும் எதிர்வீட்டுக்குப் போகிறது என்று அனிதாவுக்கு இப்போதுதான் விளங்கியது. பாவம் என்று கொடுப்பதாக நினைத்து, அம்மாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"யாருக்கும் நட்டமில்லன்னு சொல்லாதீங்க அத்த" என்றாள் ஷாலினி. அவள் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "அந்த மேஸ்திரிக்கு..."

"நீ சும்மா இரு" என்றான் அருள்.

வாசலில் ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

இன்ஜினீயர் நந்தினி அனிதாவைவிட வயதில் சின்னவள். ரெயின்கோட்டைக் கழற்றி வண்டி மேல் போட்டாள். ரோட்டைப் பார்த்தாள். வெள்ளை வட்டங்களைப் பார்த்தாள். வட்டங்களுக்கு நடுவே இருந்த வீட்டைப் பார்த்தாள். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. அந்தச் சிரிப்பை அனிதாவால் வெகுநாள் மறக்க முடியாது.

"வட்டம் போட்டது யாருங்க?"

"நான்தான்."

"புகார் குடுத்த அனிதா மேரி..."

"அதுவும் நான்தான்."

அதற்குள் தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. அவரவர் வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

"உங்க புகார் வந்ததும் கான்ட்ராக்டருக்கு அனுப்பிட்டோம் மேடம். நாங்க வந்து பாக்குறதுக்குள்ள அவரு அந்த மேஸ்திரிய வேலைய வுட்டு நிறுத்திட்டாரு. நீங்க பேரோட எழுதியிருந்தீங்கல்ல? குரூப்ல போட்ட போட்டோவும் எங்கெங்கயோ சுத்தியிருக்கு. இப்ப வேற சைட்லயும் அவர யாரும் கூப்புடுறதில்லன்னு கேள்விப்பட்டேன்."

அய்யம்பெருமாளை அனிதாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரோடு போட்ட பிறகு சாக்கை விரித்து, காலையும் மாலையும் வந்து தண்ணீர் விட்டவர். அருளின் பைக்கை மறித்து, "தம்பி, இன்னும் ரெண்டு நாளு பொறுத்துக்குங்க" என்று கும்பிட்டவர். அவள் குரூப்பில் போட்ட படமே அதுதான். கையில் ரப்பர் குழாயோடு, ஈரச் சாக்கு விரித்த ரோட்டுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படம். அந்தப் படத்துக்குக் கீழேதான் 'விழுங்கியவர்' என்று எழுதியிருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். கேட்டுக்குள் அம்மா நின்றாள், கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் அருள். இப்போது அனிதா ஒன்றும் பேச வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். நந்தினிக்குப் புரிந்தது நந்தினியோடு போய்விடும். வீட்டு மானம் தப்பிக்கும். ஆனால் அந்த மனுஷனுக்கு ஆயுசுக்கும் திருட்டுப் பட்டம்தான்.

"மேடம், ரோட்டு மேல குத்தமில்ல" என்றாள் அனிதா. "எங்க வூட்டு விசேஷத்துக்குப் பந்தக்கால் ஊணுன தொளை இது. அது தெரியாமப் புகார் குடுத்துட்டேன்." தரையில் இருந்த வட்டங்களைப் பார்த்தாள். "தெரியாமன்னு சொல்றதும் தப்பு. விசாரிக்காமக் குடுத்துட்டேன். அந்த மேஸ்திரி ஒரு தப்பும் பண்ணல."

"மாதாவே" என்று அம்மா முனகியது தெருவுக்கே கேட்டது.

நந்தினி பெருமூச்சு விட்டாள். "அனுமதி இல்லாம ரோட்டத் தொளச்சா நோட்டீஸ் வரும் மேடம். யாரு பேருக்கு அனுப்பணும்?"

அருள் சுவரில் காய்ந்துபோன சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அருள் பிரகாஷ்" என்றாள் ஷாலினி, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "என் வூட்டுக்காரருதான்."

அருள் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. இதை எத்தனை நாளாக அவள் நெஞ்சில் வைத்திருந்தாளோ, அந்த இரண்டு பேருக்குத்தான் வெளிச்சம்.

"மேஸ்திரிய மறுபடி வேலைக்கு எடுப்பாங்களா?" என்று அனிதா கேட்டாள்.

"புகார நீங்க ஆன்லைன்லயே வாபஸ் வாங்கிடலாம். ரோட்டுல குறையில்லன்னு நானும் பதிவு பண்ணிடுறேன். ஆனா அவர எடுக்குறதும் எடுக்காததும் கான்ட்ராக்டர் இஷ்டம். ஊரெல்லாம் சுத்துன போட்டோவ நான் எங்க போயி வாபஸ் வாங்குறது, சொல்லுங்க?"

அனிதா ரோட்டைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். ஜெகதாம்பாளின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பெரிம்மா, மன்னிச்சுடுங்க. உங்க கால் ஒடஞ்சதுக்கு நாங்கதான் காரணம்."

"எந்திரி பாப்பா. பொடவ நனையுது." ஜெகதாம்பாளின் குரலில் கோபமே இல்லை. "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பந்தல்காரன் தொளை போடுற மிஷின எங்க சொருவுனான்னு நெனைக்கிற? உங்க வூட்டுல கிரைண்டரும் சீரியல் லைட்டும் ஓடுதுன்னு, என் வூட்டு பிளக்குலதான் சொருவுனான். கரண்டு என்னுது."

அனிதா விக்கித்துப்போனாள்.

"அப்ப ஏன் பெரிம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"எப்புடிச் சொல்லுவேன்? உங்க வூட்டுல கை நனைச்சுட்டு, உங்க அம்மாகிட்டயே போயி உன் வூட்டுக் குழியிலதான் வுழுந்தேன்னு சொல்றதா? எனக்கு மட்டுமில்ல, தெருவுக்கே தெரியும். யாரோ வந்து பூசிட்டுப் போயிடுவாங்கன்னு பேசாம இருந்தோம். நீ அந்த ஆளு போட்டோவப் போடுவேன்னு யாரு கண்டா?"

"எல்லாரும் கட்டைவிரல் போட்டீங்களே!"

"நீ போட்டா நாங்க போடாம இருக்க முடியுமா? ரோடு வாங்கிக் குடுத்த புள்ள நீ. உன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு யாரு பேசுவா?"

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். தெருவில் தனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது என்பதுகூட அனிதாவுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஒரு மனுஷனின் பிழைப்பு போகிறவரை, அவளுக்குக் கொடுத்த மரியாதைக்காகத் தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மரியாதையை ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்தவள் அவள்தான்.

போனை எடுத்துப் புகாரை வாபஸ் வாங்கினாள். குரூப்பில் போட்ட படத்தை அழிக்கப் பார்த்தாள். நாளாகிவிட்டதால் எல்லோர் போனிலிருந்தும் அது அழியவில்லை. 'தப்பு எங்கள் வீட்டுடையது. மேஸ்திரியின் வேலையில் குறையில்லை' என்று எழுதிப் போட்டாள். இந்த முறை ஒரு கட்டைவிரலும் வரவில்லை.

மேஸ்திரிக்குக் கல்லங்குறிச்சி என்று நந்தினி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அனிதா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மா, சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை. தெருமுனைக்குப் போவதற்குள் பைக் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறு" என்றான் அருள்.

கல்லங்குறிச்சியில் பெருமாள் கோயிலைத் தாண்டி, ஒரு டீக்கடையில் விசாரித்து, மேஸ்திரி வீட்டுச் சந்துக்கு வந்ததும் அருள் வண்டியை நிறுத்திவிட்டான்.

"நீயும் வாடா."

"நீ போயிட்டு வாக்கா. நான் இங்க நிக்கிறேன்." ஹேண்டில்பாரைப் பிடித்த கையை அவன் எடுக்கவில்லை.

அவனைத் திட்டலாம்தான். திட்டுகிற யோக்கியதை தனக்கு இன்று இல்லை என்று அனிதாவுக்குத் தெரிந்தது.

ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டித் தாள் கிள்ளிக்கொண்டிருந்தாள். அய்யம்பெருமாளின் மனைவி அம்சவள்ளி.

"மேஸ்திரி இருக்காங்களா?"

"வாங்கம்மா. அவரு இல்லீங்களே. குன்னத்துப் பக்கம் மக்காச்சோள மூட்ட தூக்கப் போயிருக்காரு. பொழுது சாயத்தான் வருவாரு." புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாக எழுந்தாள். "எதும் கட்டட வேலைங்களா? சொல்லுங்க, நான் போன் போட்டுச் சொல்றேன். ஒடனே வந்துடுவாரு."

மூட்டை தூக்கப் போயிருக்கிறார். கொத்துக் கரண்டி பிடித்த கை. அனிதா பைக்கில் வரும்போது மனசுக்குள் கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அரியலூர்லேருந்து வரேன்" என்றாள். "மாதா கெபித் தெரு."

அம்சவள்ளியின் முகம் சுருங்கியது. சண்டைக்கு வருவாள் என்று அனிதா நினைத்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க தெருவுல அவரு ஒரு கொறையும் வைக்கலம்மா, பெருமாள் சத்தியமா. வுடியறதுக்குள்ள எந்திரிச்சு, ரோட்டுக்குத் தண்ணி வுடணும்னு ஓடுவாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க வூட்டுப் புள்ளதான் போனப் பாத்துப் படிச்சுச்சு. யாரோ அனிதா மேரியாம். டீச்சராம். அவங்கதான் எழுதுனாங்களாம்."

அனிதா சொம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நல்லா ஏசுனேன்ம்மா அவங்கள. இவருதான் ஏச வுடல. படிச்சவங்க தெரியாமயா எழுதுவாங்க, நம்ம வேலையிலதான் எங்கயோ பெசகு நடந்திருக்குங்குறாரு. என்னா பெசகு பண்ணேன், என்னா பெசகு பண்ணேன்னு சோறு எறங்காம கெடக்குறாரு." அம்சவள்ளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அனிதாவின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க அந்தத் தெருதானே? அவங்களத் தெரியுங்களா?"

"தெரியும்."

"எப்புடிப்பட்டவங்கம்மா அவங்க?"

சொம்பு அனிதாவின் கையிலேயே இருந்தது. அவளால் அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.